நிரலும் பெயரும்

பாடசாலை ஒன்றுக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் வரவு இடாப்பைக் கையில் எடுத்து, "செல்வ என்று தொடங்கும் பெயருடையார் யாவரும் எழுந்து நிற்க" என்று பணிப்பாராயின், செல்வராசா எழுவான், செல்வரத்தினம் எழுவான், செல்வமலரும் எழுவாள். அருட்செல்வம், தானும் எழ வேண்டுமோ வேண்டாமோ என்று ஐயுற்று, வாங்கின் விளிம்பில் அரைகுறையாக நிற்பான். செல்வி என்னும் சிறுமியோ, "என் பெயர் செல்வி, செல்வ என்று அதில் இல்லையே" என எண்ணி அமர்ந்திருப்பாள். நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிக்கும் தொல்லை ஆசிரியருக்கு இல்லாமற் போயிற்று. ஆயினும், எழுந்தவர் எல்லாரும் அவர் கருதியவர்தாமா, அவர் கருதியவர் எல்லாரும் எழுந்தனரா என்னும் இரண்டு வினாக்களும் அந்த ஒரே கட்டளையோடு உடன்பிறந்து விடுகின்றன.

கணினியைக் கொண்டு புள்ளிவிவரங்களை ஆராய்வோர் இத்தகைய கட்டளையையே நாடோறும் இடுகின்றனர். அங்கே எழுந்து நிற்பவை அட்டவணையின் நிரல்கள். அட்டவணையிலே குறுக்காகச் செல்வது நிரை. மேலிருந்து கீழ் இறங்குவது நிரல். ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு பெயர் உண்டு. அப்பெயர்களின் சாயலைச் சுட்டி, "இன்ன எழுத்துக்களால் தொடங்கும் நிரல்களை எல்லாம் எடு; எடுத்தவற்றை ஒன்றாகக் கூட்டு" என்று கணினியை ஏவுதல் கூடும். நிரல்களைத் தேர்ந்து சேர்க்கும் இந்த முறையில் வசதி மிகுதி. அதில் மறைந்து கிடக்கும் பொறுப்பும் அதே அளவு மிகுதி.

பெயரால் நிரலை அழைக்கும் வழக்கம் பழமையானதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பிலே, ஹேர்மன் ஹொலரித் என்பார் ஆக்கிய பொறிகள், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்களை எண்ணின. ஒருவருடைய வயதோ பிறந்த நாடோ அட்டையில் எழுத்தாக இருக்கவில்லை. துளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே பொருளைத் தெரிவித்தது. 1928இல் ஐ.பி.எம். கம்பனி வெளியிட்ட எண்பது நிரல் அட்டையும் அவ்வாறே பயன்பட்டது. "முப்பத்திரண்டாம் இடத்திலிருந்து முப்பத்தைந்தாம் இடம் வரை சம்பளம்" என்று கணக்கெழுதுவோர் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இடம் ஒன்று பிசகினால் ஒருவருடைய வயது அவருடைய சம்பளமாகிவிடும்.

இந்த அவலத்தைக் கண்டு மாற்றுவழி கூறியவர்களுள் தலையாயவர் எட்கார் கொட். ஐ.பி.எம். கம்பனியின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த அவர், 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான கட்டுரையொன்றிலே, நிரல்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை நினைவில் வைத்திருக்கும் சுமையை அட்டவணையைப் பயன்படுத்துவோர்மீது ஏற்றலாகாது என வாதித்தார். பெயரைச் சொன்னால் நிரல் வரவேண்டும். அது மூன்றாவதா முப்பதாவதா என்பது கேட்பவருக்கு வேண்டாத செய்தி. அவருடைய கொள்கையைத் தழுவி எழுந்த எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி இன்றுவரை உலகின் வங்கிகளையும் அலுவலகங்களையும் ஆண்டுவருகிறது. அம்மொழி நெடுங்காலம் இரண்டு வழிகளையே தந்தது: வேண்டிய நிரல்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதுதல், அல்லது நட்சத்திரக் குறி ஒன்றை இட்டு எல்லாவற்றையும் அள்ளுதல். பத்து நிரல்கள் உள்ள அட்டவணைக்கு அது போதும். நிரல்கள் நூறாகி ஆயிரமாகிய பின்னர், ஒவ்வொன்றாக எழுதுபவரின் விரலும் சோரும், கண்ணும் தவறும்.

அந்நிலையில் கைகொடுத்தது முற்றிலும் வேறோர் ஆராய்ச்சியிலே பிறந்த கருவி. நரம்பு வலைகளைப் பற்றி 1943இல் மக்கலக், பிற்ஸ் என்னும் இருவர் எழுதியிருந்த கட்டுரையை ஆராய்ந்த கணித அறிஞர் ஸ்டீவன் கிளேனி, 1951இல் ஓர் அறிக்கை எழுதினார்; அது 1956இல் நூலொன்றில் அச்சேறியது. ஒழுங்கான குறித்தொடர்களை விவரிப்பதற்கு அவர் வகுத்த குறியீட்டுமுறையே, இன்று 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என வழங்கும் மாதிரிக் குறியீட்டின் மூலம். 1968இல் கென் தொம்சன் அதனை எழுத்துத் தேடலுக்குப் பயன்படுத்தும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். இக்குறியீட்டில் ஒரு புள்ளி, 'எந்த எழுத்தாயினும் ஒன்று' எனப் பொருள்படும். வினாக்குறி, 'முன்னுள்ளது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று சொல்லும். கூரை போன்ற குறி பெயரின் தொடக்கத்தையும், டொலர்க் குறி அதன் முடிவையும் காட்டும். நரம்பு வலைகளைப் பற்றிய ஆராய்ச்சி நிரல்களின் பெயர்களைத் தேடுவதற்கு வந்து உதவும் என்று கிளேனி கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

நிரல்களை இவ்வாறு பெயரின் சாயலால் எடுக்கும் வசதி, நியூசிலாந்தின் ஓக்லன்ட் நகரிலே தோன்றிய 'ஆர்' என்னும் மொழியிலும், பைதன் மொழிக்கு வெஸ் மக்கினி ஆக்கிய 'பண்டாஸ்' என்னும் தொகுதியிலும் இன்று எளிதிற் கிடைக்கிறது. ஆர் மொழிக்கு ஹட்லி விக்கமும் அவரோடு சேர்ந்தோரும் அளித்த கருவிகளில் 'இதனால் தொடங்குவன', 'இதனால் முடிவன', 'இதனை உள்ளடக்கியன', 'இம்மாதிரிக்குப் பொருந்துவன' என்னும் பொருள்கொண்ட கட்டளைகள் தனித்தனியே உள்ளன. எஸ்.கியூ.எல். குடும்பத்திலும், டக்டிபி போன்ற புதிய தரவுத்தளங்கள் நிரல்களை மாதிரியால் அழைக்க இடமளிக்கின்றன. சிறிய வேறுபாடு ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். விக்கமின் கருவிகள், வேறுவிதமாகப் பணிக்காவிட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். பண்டாஸோ இரண்டையும் வெவ்வேறெனக் கொள்ளும். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போனவர் சமையலறை அலுமாரியைத் தவறான பக்கத்தில் தேடுவதுபோல, ஒன்றிற் பழகியவர் மற்றதில் இடறுவர்.

இனி, மாதிரிகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பதற்குப் புகழ்பெற்ற அட்டவணை ஒன்றைக் காணலாம். 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் 'பில்போர்ட்' இசைப்பட்டியலில் இடம்பெற்ற 317 பாட்டுக்களின் வாராந்த வரிசை நிலைகளை அது தருகிறது. பாடியவர், பாட்டு, பட்டியலில் நுழைந்த நாள் என மூன்று நிரல்கள். அவற்றின்பின் முதலாம் வாரம் முதல் எழுபத்தாறாம் வாரம் வரை எழுபத்தாறு நிரல்கள். அவற்றின் ஆங்கிலப் பெயர்களை 'வாரம்1', 'வாரம்2' என்று தமிழாக்கிக் கொள்ளலாம். அறுபத்தைந்தாம் வாரத்துக்குப் பின்னர் உள்ள நிரல்கள் எல்லாம் வெறுமையானவை. அவ்வளவு காலம் நிலைத்த பாட்டு எதுவும் அங்கில்லை.

முதல் வார நிலையை மாத்திரம் விரும்பிய ஒருவர், 'வாரம்1' என்னும் எழுத்துக்களைக் கொண்ட நிரலை எடு என்கிறார். கணினி வாரம்1ஐ எடுக்கிறது. அதனோடு வாரம்10 முதல் வாரம்19 வரை உள்ள பத்தையும் சேர்த்து எடுக்கிறது. அவற்றின் பெயர்களிலும் 'வாரம்1' இருக்கிறதன்றோ? ஒன்றைக் கேட்டவருக்குப் பதினொன்று கிடைத்தது. அவற்றின் சராசரியைக் காணும்படி அவர் முன்னரே பணித்திருந்தால், பிழை ஏதும் அறிவிக்கப்படாது, ஓர் எண் அழகாக வந்து நிற்கும்.

இன்னொருவர் முதற் பத்து வாரங்களை விரும்பி, சதுர அடைப்புக்குள்ளே 'ஒன்று முதல் பத்து வரை' என்று எழுதுகிறார். பயிலத் தொடங்கியோர் பலரும் செய்யும் தவறு இது. சதுர அடைப்பு எண்களை அறியாது. தனி எழுத்துக்களையே அறியும். ஒன்று, சிறு கோடு, ஒன்று, பூச்சியம் என்று எழுதியிருப்பதை, "ஒன்று முதல் ஒன்று வரை, அல்லது பூச்சியம்" என்று அது படிக்கிறது. ஆகவே இரண்டாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை உள்ள எட்டும் விடுபட்டு, வேண்டாத பதினொன்று முதல் பத்தொன்பது வரையானவை உள்ளே வருகின்றன. இவ்விடர் தீர, எண் தொடரை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும் கட்டளை ஒன்று விக்கமின் கருவிகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே அறிவுடைமை; மாதிரிக் குறியீட்டில் தம் திறமையைக் காட்ட விழைவோர்க்கு மாத்திரம் அது சுவையற்றதாகத் தோன்றும்.

பாட்டுக்களின் வரிசையில் நேரும் பிழையால் எவரும் துன்புறப் போவதில்லை. நோயாளரின் எண்ணிக்கையில் நேர்வது வேறு. காசநோயாளர் பற்றி உலக சுகாதாரத் தாபனம் நாடுகளிடமிருந்து பெற்றுத் தொகுத்த அட்டவணையின் ஒரு பகுதி, ஆர் மொழி பயில்வோர்க்குப் பாடப்பொருளாக வழங்கி வருகிறது. 1980 முதல் 2013 வரையான விவரங்கள்; 7,240 நிரைகள்; 60 நிரல்கள். நாடு, அதன் இரு சுருக்கக் குறிகள், ஆண்டு ஆகிய நான்கு நீங்கலாக, மற்றை 56 நிரல்களும் நோயாளரின் எண்ணிக்கைகள்.

அந்த 56இன் பெயர்களிலேதான் விசித்திரம் உள்ளது. ஒரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதானால் அது இவ்வாறு அமையும்: 'நியூ' என்னும் சொல், ஓர் அடிக்கோடு, 'எஸ்பி' என்னும் ஈரெழுத்து, மீண்டும் ஓர் அடிக்கோடு, 'எம்' என்னும் ஓரெழுத்து, அதன்பின் பூச்சியம், ஒன்று, நான்கு. 'நியூ' என்றது புதிய நோயாளரை. 'எஸ்பி' என்றது, சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது கிருமி காணப்பட்டவரை. 'எம்' ஆண்பாலைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்களும் பூச்சியம் முதல் பதினான்கு வயது வரை என்பதைச் சொல்லும். பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரையானோர் நிரலில் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்து நான்கு போலத் தோன்றும் இலக்கங்கள் இருக்கும். அது எண்ணன்று, இரண்டு வயதுகள் இடைவெளியின்றி ஒட்டி நிற்பது. ஒரு தலைப்பினுள்ளே நோய் கண்ட முறை, பால், வயது என மூன்று செய்திகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2014இல் தாம் வெளியிட்ட, ஒழுங்கான தரவு பற்றிய கட்டுரையில் விக்கம் இதனையே குறைகூறினார். தரவாக இருக்க வேண்டியது தலைப்பாக மாறியிருக்கிறது என்பது அவர் கருத்து.

இவ்வட்டவணையில் எல்லா நோயாளரையும் கூட்ட விரும்பும் ஒருவர், முதலிற் கண்ட பெயரைப் பார்த்துவிட்டு, "நியூ என்பதும் ஓர் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் நிரல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டு" என்று பணித்தல் இயல்பே. கணினி 42 நிரல்களை எடுத்துக் கூட்டித் தருகிறது. மற்றை 14 எங்கே? அவற்றின் பெயர்கள் 'நியூரெல்' என்று தொடங்குகின்றன. 'நியூ' என்பதற்கும் 'ரெல்' என்பதற்கும் இடையே அடிக்கோடு இல்லை. அட்டவணையை வகுத்தோர் இட்டிருந்தால் வேறு கதை, அவர்கள் இடவில்லை.

விடுபட்ட பதினான்கும் அற்பமானவையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 2013இல் உலக சுகாதாரத் தாபனம் காசநோயாளரை வகைப்படுத்தும் முறையைத் திருத்தியது. புதிய நோயாளரும், குணமடைந்தபின் மீண்டும் நோயுற்றோரும் ஒன்றாக எண்ணப்படலாயினர். அந்த ஆண்டின் எண்ணிக்கைகள் பெரும்பாலும் இந்த 'நியூரெல்' நிரல்களிலேயே இருக்கின்றன. ஆகவே அடிக்கோட்டை நம்பியவரின் கணக்கிலே 2012 வரை இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர், 2013இல் மாயமாய் மறைந்துவிடுகின்றனர். அந்த 2013இல் உலகெங்கும் ஏறத்தாழ 90 இலட்சம் மக்களைக் காசநோய் பற்றியது என்றும், 15 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் அதே தாபனம் மதிப்பிட்டிருந்தது. கட்டளைத்தொடரில் பிழை இல்லை; அட்டவணையிலும் எண் பிழை இல்லை. பெயரில் ஓர் அடிக்கோடு இல்லாமையே நோயை ஒழித்துவிட்டது.

இதற்கு எதிர்மாறான பிழையும் இதே குடும்பத்தில் உண்டு. பாடத்துக்காகச் சுருக்கப்படாத பழைய அட்டவணையிலே, பூச்சியம் முதல் பதினான்கு வயது வரையான நிரலோடு, பூச்சியம் முதல் நான்கு வரை ஒன்றும், ஐந்து முதல் பதினான்கு வரை ஒன்றுமாகத் தனி நிரல்களும் இருந்தன. அவற்றுக்கும் மேலே, வயதும் பாலும் சுட்டாத மொத்தத் தொகைக்கு ஒரு நிரல். நான்கிற்கும் பெயர்த் தொடக்கம் ஒன்றே. தொடக்கத்தைக் கொண்டு யாவற்றையும் எடுத்துக் கூட்டினால், மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் நான்கு வயது வரையான நிரலில் ஒருமுறை, பதினான்கு வயது வரையான நிரலில் ஒருமுறை, மொத்த நிரலில் ஒருமுறை என்று மூன்று தடவை நோயாளி ஆகிறான். வளர்ந்தவரோ இரண்டு தடவையே எண்ணப்படுகிறார். விடையைப் பார்க்கும் அதிகாரி, நோயானது பிள்ளைகளிடையே அளவுக்கு மிஞ்சிப் பரவுவதாக எண்ணி, மருந்தையும் பணத்தையும் அதற்கேற்பப் பங்கிட நேரும். பகுதியும் முழுமையும் ஒரே குடும்பப் பெயரோடு அடுத்தடுத்து நிற்கலாம் என்பதை மாதிரி அறியாது.

கூட்டுதல் என்னும் செயலுக்கே நிரல்கள் இடங்கொடுக்கின்றனவா என்பதும் பெயரால் அறியத்தக்கதன்று. கோவிட் நோய் பரவிய காலத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டு வந்த அட்டவணை இதற்குச் சான்று. 2020 ஜனவரி 22 முதல் 2023 மார்ச் 9 வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரல் அதில் முளைத்தது. முடிவில் நாட்களுக்கு மாத்திரம் 1,143 நிரல்கள். நேற்று எழுதிய கட்டளைத்தொடர் இன்று பிறந்த நிரலையும் தானே கண்டுகொள்ள வேண்டுமாயின், பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுதல் பயன்படாது. 'இலக்கத்தால் தொடங்குவன' என்று மாதிரியாகச் சொல்லுதலே வழி. மாதிரியின் உண்மையான ஆற்றல் இங்குதான் விளங்குகிறது. இன்னும் பிறவாத நிரல்களையும் அது அழைக்கிறது. ஆயின் அந்நிரல்களில் இருந்தவை அன்றன்று கண்ட நோயாளரின் தொகைகள் அல்ல. தொடக்கமுதல் அன்றுவரை சேர்ந்த மொத்தங்கள். அவற்றை ஒன்றோடொன்று கூட்டுவோரின் கணக்கிலே முதல் நாள் நோயுற்ற ஒருவர் 1,143 தடவை நோயுறுகிறார். வேண்டியிருந்தது கூட்டல் அன்று. அடுத்தடுத்த நாட்களுக்கிடையே கழித்தல். மாதிரி சரியாகவே எடுத்தது. எடுத்ததை என்செய்வது என்பதில்தான் மனிதர் தவறினர்.

இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது எழும் தொல்லையும் உண்டு. இரண்டிலும் ஒரே பெயருள்ள நிரல் இருந்தால், ஆர் மொழி முதலதன் வாலில் புள்ளியையும் 'எக்ஸ்' எழுத்தையும், மற்றதன் வாலில் புள்ளியையும் 'வை' எழுத்தையும் ஒட்டிவைக்கும். பின்னர், 'புள்ளி எக்ஸ்' என்று முடிவனவற்றை நீக்கிவிட எண்ணுபவர் மாதிரிக் குறியீட்டிலே புள்ளியை வெறுமனே எழுதினால், அது 'எந்த எழுத்தாயினும்' என்று பொருள்பட்டு, வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' நிரலையும் சுட்டெண்ணைக் குறிக்கும் 'இண்டெக்ஸ்' நிரலையும் தூக்கி எறிந்துவிடும். அவ்விரு சொற்களும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்' எழுத்திலே முடிகின்றன என்பதே அவை செய்த குற்றம்.

தமிழிலே தலைப்பிட்டு அட்டவணை அமைப்போர் மேலும் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். முதலிற் கூறிய வகுப்பறையில் செல்வி எழவில்லை. அந்த இடாப்பைக் கணினியில் ஏற்றி 'செல்வ' என்று தேடினால் செல்வியும் எழுவாள். யுனிக்கோட் முறையில் 'வி' என்பது ஓரெழுத்தாக வைக்கப்படுவதில்லை. வகரமும், அதன்பின் இகரக் குறியும் என இரண்டு குறிகளாக வைக்கப்படுகிறது. ஆதலின் கணினியின் கண்ணுக்கு 'செல்வி' என்பதன் தொடக்கம் 'செல்வ' என்பதே. தமிழ்ப் பிள்ளை எதுவும் செய்யாத பிழை இது.

அதனினும் கள்ளத்தனமானது ஒகர, ஓகார உயிர்மெய்களின் நிலை. 'கொ' என்பதைக் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாக வைக்கலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, அரவு என மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அணுவளவும் வேறுபடா. 'கொழும்பு' என்னும் தலைப்பு ஓர் அட்டவணையில் எட்டுக் குறிகளாகவும் இன்னோர் அட்டவணையில் ஒன்பது குறிகளாகவும் இருந்தால், பெயரால் நிரல்களைச் சேர்க்கும் கட்டளை அவற்றை இரு வேறு ஊர்களாகவே கருதும். இலங்கையின் இருபத்தைந்து மாவட்டங்களுள் கொழும்பு, அம்பாந்தோட்டை, கிளிநொச்சி, திருகோணமலை, பொலன்னறுவை, மொனராகலை ஆகிய ஆறின் பெயர்களில் இவ்வகை எழுத்து வருகிறது. மாவட்டந்தோறும் ஒரு நிரல் வைத்த இரண்டு ஆண்டுகளின் அட்டவணைகளை இணைத்தபின், பத்தொன்பது மாவட்டங்கள் ஒழுங்காகப் பொருந்தி, ஆறு மாத்திரம் இரட்டைப் பிள்ளைகளாக நின்றால், காரணம் இதுவாக இருத்தல் கூடும். தலைப்புக்களை எல்லாம் முதலில் ஒரே வடிவுக்குக் கொணரும் யுனிக்கோட் வழி ஒன்று உண்டு; தேடலுக்கு முன்னரே அதைச் செய்துவிட வேண்டும்.

இப்பிழைகள் யாவற்றிலும் கொடியது ஒன்று. மாதிரிக்கு எந்த நிரலும் பொருந்தாவிட்டால் என்ன நேரும்? பெயரை முழுதாக எழுதி அழைத்திருந்தால், "அப்படி ஒரு நிரல் இல்லை" என்று கணினி மறுத்துரைக்கும். மாதிரியால் அழைத்தபோதோ, "பொருந்தியவை யாவும் இதோ" என்று வெறுங்கையை நீட்டும். பண்டாஸில் அந்த வெறுமையைக் கூட்டச் சொன்னால், ஒவ்வொரு நிரைக்கும் பூச்சியம் என்று விடை வரும். நிரலைக் காணோம் என்பதும் நோயாளர் இல்லை என்பதும் ஒரே எண்ணாகி விடுகின்றன. இம்மௌனத்தை அடக்கமென்று போற்றுவோர் சிலர் உளர். புள்ளிவிவர வேலையில் அது குற்றமென்றே கொள்ளத்தக்கது. விக்கமின் கருவிகளிலே, தரப்பட்ட பெயர்ப் பட்டியலில் ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும் கட்டளை ஒன்றும், கிடைத்தவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு வாளாவிருக்கும் கட்டளை ஒன்றும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. எது வேண்டுமென்று எழுதுபவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழகிய கைகள் செய்வது மிக எளிது. கூட்டுமுன் எண்ணுகின்றனர். மாதிரி எத்தனை நிரல்களை எடுத்தது? காசநோய் அட்டவணையில் வயதுப் பிரிவுகள் ஏழு; பால் இரண்டு; வகை நான்கு. ஏழை இரண்டாலும் நான்காலும் பெருக்கினால் 56. விடை 42 என்று வந்தால் மேற்செல்லாது நின்று, எடுத்தவற்றின் பெயர்களை அச்சிட்டுப் பார்க்கின்றனர். 42 என்பது 56இலிருந்து சரியாக ஒரு வகை குறைந்த தொகை என்பது அப்பொழுதே புலப்படும். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும்.

அதற்கப்பாலும் ஒரு படி உண்டு. மாதிரியைக் கொண்டு நிரல்களை எடுப்பதோடு நில்லாமல், அதே மாதிரியால் பெயர்களைப் பிளந்துவிடலாம். 'நியூ' என்று எழுதி, அடிக்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என ஒரு வினாக்குறியை அதன்பின் வைத்து, தொடர்ந்து மூன்று வளைந்த அடைப்புக்களை இடுகின்றனர். முதலாவது அடைப்பு வகையைப் பிடிக்கிறது. அடுத்தது பாலைக் காட்டும் ஓரெழுத்தை. மூன்றாவது எஞ்சிய வயதை. 56 நிரல்களும் கலைந்து, வகை, பால், வயது, எண்ணிக்கை என நான்கு நிரல்களாகின்றன. பக்கவாட்டில் அகன்றிருந்த அட்டவணை கீழ்நோக்கி நீள்கிறது. மொத்தம் 4,05,440 கட்டங்கள் இருந்தன. அவற்றுள் எண் எழுதப்பட்டவை 76,046 மாத்திரமே. ஆப்கானிஸ்தானின் 1997ஆம் ஆண்டு நிரையில், கிருமி காணப்பட்ட ஆண் பிள்ளைகளுக்கான கட்டத்திலே பூச்சியம் எழுதப்பட்டிருக்கிறது. 1996இல் அதே கட்டம் வெறுமையாக உள்ளது. முன்னதில் எண்ணிப் பார்த்து எவரும் இல்லையென்று எழுதினர். பின்னதில் அறிக்கையே இல்லை. ஆதலால் வெறுமைகளை நீக்கி, பூச்சியங்களைக் காத்து, 76,046 நிரைகள் கொண்ட புதிய அட்டவணை எழுகிறது. வினாக்குறி ஒன்றின் உதவியால் 'நியூரெல்' நிரல்கள் பதினான்கும் அதனுள் வந்துவிட்டன. 2013ஆம் ஆண்டின் நோயாளரும் அங்கே இருக்கின்றனர்.